வயலில் நிற்கும் இஎஸ்பி32 பெட்டி: உள்ளே 61 டிகிரி, 18650 செல் தாங்குமா?

#1 · சொட்டுநீர்32

கரூர் பரமத்திப் பக்கம் ஒரு முருங்கைத் தோட்டத்துக்கு மண் ஈரம் அளக்கும் சிறு சென்சார் சாதனங்கள் (நோடுகள்) வைக்க வேண்டும். முன்மாதிரி ஒன்று ஏற்கெனவே வெயிலில் நிற்கிறது. அதன் அமைப்பு:

இஎஸ்பி32 (வைஃபை உள்ள மைக்ரோகண்ட்ரோலர்) டெவ்கிட் பலகை, கெப்பாசிட்டிவ் மண் ஈர சென்சார், 2600 எம்ஏஎச் 18650 செல் ஒன்று (உருளை வடிவ லித்தியம் அயான் செல், நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட் கேத்தோடு கொண்ட என்எம்சி வகை), பாதுகாப்புச் சுற்றோடு வரும் டிபி4056 சார்ஜர் மாட்யூல், 6 வோல்ட் 6 வாட் சோலார் பேனல். எல்லாம் தூசியும் நீரும் புகாத சாம்பல் நிற ஐபி65 பெட்டிக்குள். பெட்டி பேனலின் முதுகில் நேராகத் திருகப்பட்டிருக்கிறது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, அளந்து, வைஃபையில் அனுப்பிவிட்டு டீப் ஸ்லீப் (மிகக் குறைந்த மின்சாரத்தில் தூங்கும் நிலை) போகும்.

மதியம் வெளியே 40 டிகிரி இருக்கும்போது பெட்டிக்குள் 61 காட்டுகிறது. செல்லின் டேட்டாஷீட்டில் சார்ஜுக்கு 0 முதல் 45, டிஸ்சார்ஜுக்கு மைனஸ் 20 முதல் 60 டிகிரி என்று போட்டிருக்கிறது. இது தீப்பிடிக்கும் நிலையா, இல்லை ஆயுள் மட்டும் குறையுமா? எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் போட்டால் பிரச்சினை முடிந்துவிடுமா? பெட்டியில் துளை போட்டு விசிறி வைக்கலாமா?

#2 · வெப்பமானி

விசிறி வேண்டாம். 40 டிகிரிக் காற்றை உள்ளே தள்ள பேட்டரியைச் செலவழிப்பீர்கள், தூசியும் ஈரமும் கூடவே வரும்.

தீ பற்றி முதலில். நல்ல நிலையில் உள்ள என்எம்சி செல் 61 டிகிரியில் தானாகத் தீப்பிடிக்காது. ஆனோடின் மேலுள்ள எஸ்இஐ என்ற பாதுகாப்புப் படலம் சிதையத் தொடங்குவது ஏறத்தாழ 80 முதல் 120 டிகிரிக்குள். அந்தச் சிதைவே வெப்பம் விடும். 130ஐ ஒட்டி பாலிஎத்திலீன் பிரிப்பான் உருகும், உள்ளே ஷார்ட் ஆகும். 200 தாண்டினால் கேத்தோடே ஆக்சிஜனை விட ஆரம்பிக்கும், அதற்குப் பிறகு நிறுத்த வழி கிடையாது. ஆக 61க்கும் ஆபத்துக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. ஆனால் அந்த இடைவெளி *நல்ல* செல்லுக்குத்தான். அடிக்கடி 2 வோல்ட்டுக்குக் கீழே காலியாகி மறுபடி சார்ஜ் ஏறிய செல்லில் தாமிரம் கரைந்து வேறிடத்தில் படிந்திருக்கும். பழைய லேப்டாப் பேக்கிலிருந்து உரித்த செல்லின் வரலாறு யாருக்கும் தெரியாது. அவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஆயுள் பற்றித்தான் நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டும். எல்லோரும் சூட்டை மட்டும் பார்க்கிறார்கள். செல்லைக் கொல்வது சூடும் நிறைந்த சார்ஜும் சேர்ந்த கூட்டு. பரவலாகப் புழங்கும் சேமிப்பு அட்டவணை ஒன்று உண்டு: 40 டிகிரியில் ஒரு வருடம் 40 சதவீத சார்ஜோடு வைத்தால் கொள்ளளவில் 85 சதவீதம் மிஞ்சும். அதே 40 டிகிரியில் முழுச் சார்ஜோடு வைத்தால் 65தான். 60 டிகிரியில் முழுச் சார்ஜ் என்றால் மூன்றே மாதத்தில் 60க்கு வந்துவிடும். 4.2 வோல்ட்டில் கேத்தோடு பக்கம் எலக்ட்ரோலைட் ஆக்சிகரணம் ஆகிக்கொண்டே இருக்கும், வாயு சேரும். சூடு ஏற ஏற அது வேகமெடுக்கும்.

இப்போது உங்கள் நோடைப் பாருங்கள். டிபி4056 தினமும் 4.2 வரை ஏற்றும். 4.05க்கு இறங்கியதும் மறுபடி ஏற்றும். நோடு ஒரு நாளில் சொட்டுதான் குடிக்கிறது. அதனால் செல் பகலெல்லாம் நிறைந்த வயிற்றோடு 61 டிகிரியில் கிடக்கிறது. இதைவிட மோசமான நிலையை லேபில் வேண்டுமென்றே உருவாக்கினால்தான் உண்டு.

#3 · 10கே_மின்தடை

மேலே சொன்னது சரி. நான் சார்ஜர் பக்கம் சேர்க்கிறேன், ஏனென்றால் அந்த 61 டிகிரியில் ஒரு பங்கு உங்கள் மாட்யூலே உண்டாக்கியது.

டிபி4056 ஒரு லீனியர் சார்ஜர். பேனல் வோல்டேஜுக்கும் செல் வோல்டேஜுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் வெப்பமாக எரித்துவிடும். மாட்யூலில் சார்ஜ் கரண்டைத் தீர்மானிக்கும் புரோக் பின்னில் 1.2கே ரெசிஸ்டர் இருக்கும், அதாவது 1 ஆம்பியர். பேனல் 6 வோல்ட், செல் 3.7 என்றால் 2.3 வாட் அந்தக் குட்டிச் சிப்பில். சிப் தன் ஜங்ஷனை (உட்பகுதியை) 145 டிகிரியில் பிடித்துக்கொண்டு கரண்டைக் குறைக்கும், தனக்கு எதுவும் ஆகாமல் பார்த்துக்கொள்ளும். பக்கத்தில் ஒட்டிக் கிடக்கும் செல்லைப் பற்றி அதற்குத் தெரியாது.

ஏன் தெரியாது என்பதுதான் முக்கியம். சிப்பின் 1-ஆம் பின் டெம்ப். செல்லின் சூட்டைப் பார்ப்பதற்கென்றே கொடுத்தது. சந்தையில் கிடைக்கும் நீல மாட்யூல்களில் அந்தப் பின்னை நேராக கிரவுண்டில் கட்டிவிடுகிறார்கள். டேட்டாஷீட்படி டெம்ப் கிரவுண்டில் இருந்தால் சூட்டுக் கண்காணிப்பு அணைந்துவிடும். "பாதுகாப்புள்ள மாட்யூல்" என்று விற்பதில் இருப்பது டிடபிள்யூ01 சிப்பும் 8205 மாஸ்ஃபெட்டும். அது 4.3 வோல்ட் ஓவர்சார்ஜ், 2.4 வோல்ட் ஓவர்டிஸ்சார்ஜ், ஷார்ட் சர்க்யூட் மூன்றையும் பார்க்கும். சூட்டைப் பார்க்காது. 61 டிகிரியிலும் தயங்காமல் சார்ஜ் போய்க்கொண்டிருக்கிறது.

முதல் திருத்தம் இரண்டு ரூபாய் வேலை: 1.2கேயை எடுத்துவிட்டு 10கே போடுங்கள். 130 மில்லிஆம்பியர் வரும். வெப்பம் 0.3 வாட்டுக்குள் அடங்கிவிடும்.

#4 · சொட்டுநீர்32

நன்றி. 130 மில்லிஆம்பியர் போதுமா? ஐப்பசி கார்த்திகையில் தொடர்ந்து மேகமூட்டம் இருக்கும். டெம்ப் பின்னை எப்படி மீட்பது?

#5 · 10கே_மின்தடை

போதுமா என்பதைக் கணக்கே சொல்லும். ஒரு நாளைக்கு 96 முறை விழிப்பு, ஒவ்வொன்றும் 5 வினாடி, சராசரி 120 மில்லிஆம்பியர் என்று வைத்தால் 16 எம்ஏஎச். தூக்கத்தில் என்ன இழுக்கிறது என்பதில்தான் விஷயம். டெவ்கிட் பலகையில் பவர் எல்இடி, யுஎஸ்பி சிப், ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் மூன்றும் சேர்ந்து தூங்கும்போதே 10 மில்லிஆம்பியர் அளவுக்கு விழுங்கும். நாளுக்கு 240 எம்ஏஎச் வீண். மேலும் ஏஎம்எஸ்1117க்கு ஒரு வோல்ட்டுக்கு மேல் டிராப்அவுட் (இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் வேண்டிய குறைந்தபட்ச வோல்டேஜ் வித்தியாசம்) உண்டு, லித்தியம் செல்லில் இருந்து 3.3 எடுக்க அது லாயக்கில்லை.

வெறும் இஎஸ்பி32 மாட்யூலை அடாப்டர் பலகையில் வைத்து, ஆர்டி9080 போன்ற 600 மில்லிஆம்பியர் தரும், சும்மா இருக்கும்போது சில மைக்ரோஆம்பியர் மட்டும் தின்னும் எல்டிஓ (டிராப்அவுட் குறைந்த ரெகுலேட்டர்) போடுங்கள். அது கிடைக்காவிட்டால் ஏபி2112, அதற்கு 55 மைக்ரோஆம்பியர் போகும். எச்டி7333, எம்சிபி1700 இரண்டும் 250 மில்லிஆம்பியர்தான் தரும். வைஃபை எழும் கணத்தில் வோல்டேஜ் விழுந்து பிரவுன்அவுட் ஆகி ரீசெட் சுழலில் மாட்டும். எதைப் போட்டாலும் 3.3 லைனில் 470 மைக்ரோஃபாரட் ஒன்று வையுங்கள்.

இப்படிச் செய்தால் மொத்தச் செலவு நாளுக்கு 18 எம்ஏஎச்சை ஒட்டி நிற்கும். 130 மில்லிஆம்பியரில் பத்து நிமிடச் சார்ஜ் ஒரு நாளுக்குப் போதும். 2600 எம்ஏஎச் செல்லில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும் வெயிலே இல்லாமல் இரண்டு மாதம் ஓடும். அதனால் மதியச் சூட்டில் சார்ஜ் ஏற்ற வேண்டிய தேவையே உங்களுக்கு இல்லை. காலை எட்டு மணிக்குச் செல் 30 டிகிரியில் இருக்கும்போதே வேலை முடிந்துவிடும். 6 வாட் பேனல் உங்களுக்குப் பெரியது, ஆனால் அந்தப் பெரிய அளவு இங்கே உதவுகிறது: இளம்வெயிலிலேயே 130 மில்லிஆம்பியர் கொடுத்துவிடும்.

டெம்ப் பின். மெல்லிய முனை சால்டரிங் அயர்னால் 1-ஆம் காலைச் சூடாக்கி, ஊசியால் மெதுவாக மேலே தூக்குங்கள். தூக்கிய காலில் மூன்று இணைப்பு:

விசிசியில் (சிப்புக்கு மின்சாரம் வரும் பின்) இருந்து டெம்புக்கு 5.1கே. டெம்பில் இருந்து கிரவுண்டுக்கு 47கே. அந்த 47கேக்கு இணையாக 10கே என்டிசி தெர்மிஸ்டர் (சூடேற ஏற மின்தடை குறையும் சென்சார்), பீட்டா (அது எவ்வளவு வேகமாகக் குறையும் என்று சொல்லும் எண்) 3950 வகை.

டெம்ப் வோல்டேஜ் விசிசியில் 45 சதவீதத்துக்குக் கீழே போனாலோ 80 சதவீதத்துக்கு மேலே போனாலோ சிப் சார்ஜை நிறுத்தும். விகிதமாகப் பார்ப்பதால் பேனல் வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் கணக்கு மாறாது. மேலே சொன்ன மதிப்புகளில் என்டிசி 4.58கேக்கு இறங்கும்போது, அதாவது 44 டிகிரியை ஒட்டி, நின்றுவிடும். உங்களிடம் இருப்பது பீட்டா 3435 என்றால் 5.1கேக்குப் பதில் 5.6கே. அதை மாற்றாமல் விட்டால் 46, 47 வரை சார்ஜ் ஓடும்.

சோதனைக்குச் செல்லைச் சூடாக்க வேண்டாம். என்டிசி இடத்தில் 5.6கே ரெசிஸ்டர் வைத்தால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். 3.9கே வைத்தால் அணைய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை, இதைப் பலர் கவனிப்பதில்லை. என்டிசி கம்பி அறுந்தால் டெம்ப் 90 சதவீதத்துக்குப் போய்ச் சார்ஜ் நிற்கும், அது பாதுகாப்பான பழுது. ஆனால் இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆனால் டெம்ப் கிரவுண்டுக்குப் போகும், கண்காணிப்பே அணைந்து சார்ஜ் ஓடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே தெரியும். எனவே ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனி ஹீட்ஷ்ரிங்க் போடுங்கள். என்டிசி முனையைச் செல்லின் உடலில், நடுப்பகுதியில், கேப்டன் டேப்பால் ஒட்டுங்கள். சார்ஜர் சிப்பின் பக்கத்திலோ பெட்டிச் சுவரிலோ அல்ல.

#6 · வேலிக்கால்

எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் சொன்னதெல்லாம் செய்யுங்கள், ஆனால் பெட்டியைப் பேனல் முதுகில் இருந்து முதலில் கழற்றுங்கள். வெயிலில் நிற்கும் பேனலின் முதுகே 60ஐத் தாண்டும். செல்லை அடுப்பில் ஒட்டி வைத்திருக்கிறீர்கள்.

பேனலைக் கூரையாகப் பயன்படுத்துங்கள், சுவராக அல்ல. பேனலுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சாண் காற்று ஓட வேண்டும். பெட்டி வெள்ளை நிறம். சாம்பல் பெட்டிதான் இருக்கிறது என்றால் கூரைக்கு அடிக்கும் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் இரண்டு கோட்.

"கம்பத்தின் வடக்குப் பக்கம் வையுங்கள், நிழல் கிடைக்கும்" என்று இணையத்தில் எங்கும் எழுதியிருப்பார்கள். அது வட நாடுகளுக்குச் சரி. கரூர் 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி தொடக்கம் வரை நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடும். மிகக் கடுமையான வெயில் மாதத்தில் வடக்குப் பக்கத்துக்குத்தான் வெயில். அதனால் திசையை நம்பாதீர்கள். பேனல் தலைக்கு மேலே கூரையாக இருக்கட்டும், கிழக்கிலும் மேற்கிலும் சாய்வெயிலை மறைக்க இரண்டு வெள்ளைத் தகடு, அவையும் பெட்டியைத் தொடாமல்.

இன்னொரு வழி, எனக்கு இதுதான் பிடித்தது: எலக்ட்ரானிக்ஸ் மேலே, செல் மட்டும் மண்ணுக்குள். மண்ணில் பகல் இரவு வெப்ப ஏற்ற இறக்கம் ஒவ்வொரு 10, 12 சென்டிமீட்டருக்கும் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். அரை மீட்டர் ஆழத்தில் பகலும் இரவும் ஏறத்தாழ ஒன்றுதான். மரநிழலில் புதைத்தால் கோடையிலும் செல் 45ஐ எட்டாது. 110 மில்லிமீட்டர் பிவிசி குழாய், அடியில் எண்ட் கேப் சொல்யூஷன் போட்டு ஒட்டியது, மேல் மூடி தரைக்கு ஒரு அடி மேலே. தண்ணீர் தேங்கும் வாய்க்கால் ஓரம், சொட்டுநீர்க் குழாயின் டிரிப்பர் அருகே வேண்டாம்.

#7 · வெப்பமானி

வேலிக்கால் சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். செல் இருக்கும் எந்தப் பெட்டியையும் குழாயையும் காற்றுப் புகாமல் முழுக்க அடைக்காதீர்கள். செல் வென்ட் ஆனால் (உள்ளழுத்தம் ஏறித் திறந்துகொண்டால்) எரியக்கூடிய வாயு நிறைய வரும். வெளியேற வழி இல்லையென்றால் பெட்டியே வெடித்துச் சிதறும். எம்12 அளவில் வென்ட் பிளக் கிடைக்கிறது, உள்ளே நுண்துளைப் படலம் இருக்கும், காற்று போகும், தண்ணீர் போகாது. தினமும் பெட்டி சூடாகிக் குளிரும்போது கேபிள் கிளாண்ட் வழியாக ஈரத்தை உறிஞ்சும் பிரச்சினையும் அதோடு தீரும். குழாயில் மூடி இறுக்கமாகத் திருகப்படாமல் மேலே செருகினாற்போல் இருக்கட்டும்.

#8 · ஹாட்ஏர்கன்

பின் தூக்கும் நுணுக்கமான வேலையெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு: கேஎஸ்டி9700 என்று பைமெட்டல் சுவிட்ச் கிடைக்கிறது. 45 டிகிரி, நார்மலி குளோஸ்டு வகை. பேனல் பிளஸ் கம்பியில் சீரியலாகப் போட்டு செல் மேல் ஒட்டிவிட்டால் சூடானதும் பேனலை வெட்டிவிடும். விலையும் குறைவு.

#9 · 10கே_மின்தடை

நல்ல பாகம், ஆனால் நம் ஊர்க் கோடைக்கு அதில் ஒரு சிக்கல். 45இல் திறக்கும் சுவிட்ச் 45இல் மூடாது. பத்து பதினைந்து டிகிரி கீழே இறங்கினால்தான் மறுபடி சேரும், பிளஸ் மைனஸ் 5 டிகிரி வேறு. சில சுவிட்சுகள் 30க்குக் கீழே போனால்தான் மூடும். வைகாசியில் இரவிலேயே 28, 29 இருக்கும் ஊரில் விடிகாலையில் கொஞ்ச நேரம் சேர்ந்தாலும் சேரும், அன்று சேராமலும் போகலாம். வாரக்கணக்கில் சார்ஜே ஏறாமல் செல் காலியாகும். பயன்படுத்துவதானால் வாங்கியதை வெந்நீரில் தெர்மாமீட்டரோடு வைத்து மூடும் டிகிரியை அளந்து பார்த்துத் தேர்ந்தெடுங்கள். என்டிசிக்கு மாற்றாக அல்ல, இரண்டாவது காவலாக 60 டிகிரி சுவிட்ச் போட்டால் அது பொருத்தமான இடம்.

#10 · பஸ்பார்

எல்எஃப்பி பற்றி யாரும் பேசவில்லையே. இவ்வளவு சுற்றி வளைப்பதற்குப் பதில் சோலார் தெருவிளக்கில் வரும் 32650 எல்எஃப்பி செல் 6000 எம்ஏஎச், கடையில் தாராளமாகக் கிடைக்கிறது. தீப்பிடிக்காது, ஆயுள் ஆயிரக்கணக்கான சைக்கிள். முடிந்தது.

#11 · வெப்பமானி

தேர்வு நல்லதுதான், நானும் வயல் நோடுக்கு எல்எஃப்பியைத்தான் சொல்வேன். ஆனால் "முடிந்தது" இல்லை.

எல்எஃப்பியின் பலம் பாஸ்பேட் பிணைப்பு. ஆக்சிஜனை எளிதில் விடாது, வெப்ப ஓட்டம் (தன் சூட்டாலேயே கட்டுக்கடங்காமல் சூடேறுவது) தொடங்கும் டிகிரியும் அதிகம், விடும் வெப்பமும் குறைவு. எலக்ட்ரோலைட் அதே எரியும் கரைப்பான்தான், எனவே "தீப்பிடிக்காது" என்று எழுதி யாரையும் அசட்டையாக விடக்கூடாது. சார்ஜ் வரம்பும் பல செல்களின் டேட்டாஷீட்டில் அதே 45 டிகிரிதான். சிலர் 55 வரை அனுமதிக்கிறார்கள், வாங்கிய செல்லின் தாளைப் பாருங்கள். சூட்டில் கிடந்தால் இதுவும் கிழடாகும், என்எம்சியை விட மெதுவாக. அதனால் நிழல், என்டிசி இரண்டும் இதற்கும் தேவை.

மிகப் பெரிய தவறு நடக்கும் இடம் சார்ஜர். எல்எஃப்பி முழுச் சார்ஜ் 3.6 அல்லது 3.65 வோல்ட். அதை டிபி4056இல் மாட்டினால் 4.2 வரை தள்ளும். டிடபிள்யூ01 4.3இல்தான் விழிக்கும், ஆகவே தடுக்க ஆளில்லை. டிபி5000 மாட்யூல் எடுங்கள். அது ஸ்விட்சிங் வகை, வெப்பமும் குறைவு. பலகையில் ஒரு சால்டர் ஜம்பர் 4.2க்கும் 3.6க்கும் மாற்றும். செல்லை மாட்டும் முன் அவுட்புட்டை மீட்டரில் பார்த்து 3.6 என்று உறுதி செய்யுங்கள். லீனியரிலேயே வேண்டும் என்றால் சிஎன்3058 இருக்கிறது, 3.6க்கென்றே செய்தது.

#12 · சொட்டுநீர்32

எல்எஃப்பி 3.2 வோல்ட் என்பதால் ரெகுலேட்டரே இல்லாமல் இஎஸ்பி32க்கு நேராகக் கொடுக்கலாம் என்று படித்தேன்.

#13 · 10கே_மின்தடை

பலரும் செய்கிறார்கள். இஎஸ்பி32க்கு அனுமதி 3.0 முதல் 3.6 வரை. செல் ஓய்வில் 3.3ஐ ஒட்டி நிற்பதால் பெரும்பாலான நேரம் பொருந்தும். சார்ஜ் முடியும் தறுவாயில் 3.65 தொடும்போது வரம்பு மீறும். மாட்யூலையும் சென்சாரையும் பல வருடம் நிற்க வைக்க வேண்டுமென்றால் அதை நம்ப மாட்டேன். ஃபர்ம்வேர் மூலம் 3.45 வோல்ட்டிலேயே சார்ஜை நிறுத்திவிட்டால் நேரடி இணைப்பு சரி. கொள்ளளவில் இழப்பதும் மிகக் கொஞ்சம்தான்.

ஒரு வேறுபாட்டை மனதில் வையுங்கள். என்எம்சியில் வோல்டேஜைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்லலாம். எல்எஃப்பியில் 20 சதவீதத்துக்கும் 90 சதவீதத்துக்கும் நடுவே வோல்டேஜ் அசையவே அசையாது. 3.0க்கு வந்தால் காலி என்பது மட்டும்தான் அது தரும் செய்தி.

#14 · பஸ்பார்

ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் ஃபர்ம்வேர் வெட்டு எப்படி? சார்ஜரை ஆன், ஆஃப் செய்யும் சிஇ பின்னை நேராக இஎஸ்பி32இன் ஜிபிஐஓ (இன்புட், அவுட்புட்) பின்னில் மாட்டலாமா?

#15 · 10கே_மின்தடை

நேராக வேண்டாம். சிஇ பின் மாட்யூலில் விசிசியோடு கட்டியிருக்கும், விசிசி என்பது பேனலின் 6, 7 வோல்ட். அது இஎஸ்பி32 பின்னுக்கு வந்தால் சிப் போய்விடும்.

டிபி4056இல் 8-ஆம் காலைத் தூக்கி, 100கே வழியாக விசிசிக்கு. அதே காலில் இருந்து 2என்7002 மாஸ்ஃபெட்டின் டிரெயின், சோர்ஸ் கிரவுண்ட். கேட்டுக்கு ஜிபிஐஓ, கேட்டில் இருந்து கிரவுண்டுக்கு 100கே. ஜிபிஐஓ ஹை ஆனால் சார்ஜ் நிற்கும்.

திசையைக் கவனியுங்கள்: மைக்ரோகண்ட்ரோலர் செத்துக் கிடந்தால் சார்ஜ் *ஓட* வேண்டும். "பாதுகாப்புக்காக" இயல்புநிலையில் அணைத்து வைத்தால், ஒருமுறை செல் காலியானதும் நோடு எழாது, எழாததால் சார்ஜைத் திறக்காது, அங்கேயே முடிந்தது. சார்ஜரைக் கையில் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போக வேண்டியதுதான். இயல்பாகச் சார்ஜ் ஓடட்டும், சூட்டை என்டிசி ஹார்ட்வேரிலேயே பார்த்துக்கொள்ளும், ஃபர்ம்வேர் அதன் மேல் கூடுதலாக நிறுத்தும்.

என்எம்சிக்கு எல்லை: 3.95 வோல்ட்டில் நிறுத்து, 3.75க்கு வந்தால் திற. 4.2ஐ விட்டுக்கொடுப்பதில் கால்வாசிக் கொள்ளளவு போகும். உங்கள் செலவுக்கு அது ஒன்றுமே இல்லை, சூட்டில் ஆயுள் கூடுவது அதைவிடப் பெரிய லாபம்.

டீப் ஸ்லீப்பில் சாதாரண ஜிபிஐஓ தன் நிலையை விட்டுவிடும், கேட் கீழே போய்ச் சார்ஜ் திறந்துகொள்ளும். தூக்கத்திலும் நிலையைப் பிடித்து வைக்கக்கூடிய ஆர்டிசி பின்களில் ஒன்றை, 25, 26, 27, 32, 33 போல, எடுத்துத் தூங்கும் முன் ஹோல்டு செய்யுங்கள். விழித்ததும் ஹோல்டை விடுவித்துவிட்டுத்தான் மாற்ற முடியும். "கோடு சரியாக இருக்கிறது, ஆனால் செல் 4.2க்கே போகிறது" என்று வரும் கேள்விகளுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

செல் வோல்டேஜ் அளக்க 100கே இரண்டு, நடுவில் 100 நானோஃபாரட். எப்போதும் 21 மைக்ரோஆம்பியர் போகும், பரவாயில்லை. வைஃபை ஆன் ஆவதற்கு முன் அளந்துவிடுங்கள், இல்லாவிட்டால் தொய்ந்த வோல்டேஜ்தான் கிடைக்கும்.

#16 · ஹாட்ஏர்கன்

இதே கேள்வி, வேறு இடம். டாஷ்போர்டுக்குள் வைக்கும் ஜிபிஎஸ் டிராக்கரில் 500 எம்ஏஎச் பவுச் செல் பேக்கப்பாக இருக்கிறது. வெயிலில் நிறுத்திய வண்டியில் ஒரு கோடையிலேயே ஊதிவிடுகிறது. எதற்கு மாற்றலாம்?

#17 · வெப்பமானி

மூடிய வண்டியில் டாஷ்போர்டின் மேல்பகுதி 70ஐத் தாண்டும். அது எந்தச் சாதாரண லித்தியம் செல்லுக்கும் இடமில்லை, பவுச் செல்லுக்கு நிச்சயம் இல்லை. உலோகக் கூடு இல்லாததால் வாயு சேர்ந்தால் ஊதிப் பலகையை நெம்பும். ஊதியதைக் குத்தாதீர்கள், அழுத்தி மூடாதீர்கள்.

பேக்கப் எதற்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். மின்சாரம் வெட்டப்பட்டால் கடைசி இருப்பிடத்தை அனுப்பிவிட்டு அணைந்தால் போதும் என்றால் சூப்பர் கெப்பாசிட்டர். நல்ல டேஷ்கேம்களில் பேட்டரிக்குப் பதில் அதை வைப்பதற்கும் சூடுதான் காரணம். 2.7 வோல்ட் வகை 65 டிகிரி வரை, வோல்டேஜை 2.3க்குக் குறைத்து ஓட்டினால் 85 வரை தாங்கும் வகைகள் உண்டு. மணிக்கணக்கில் ஓட வேண்டும் என்றால் சாதனத்தையே சீட்டுக்குக் கீழே, தரைப் பக்கம் இறக்குங்கள், எல்எஃப்பி போடுங்கள், சார்ஜை என்டிசி வழியாக வெட்டுங்கள்.

நாளுக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் லோராவில் (குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் போகும் ரேடியோ) பேசும் சாதனம் என்றால் லித்தியம் தயோனைல் குளோரைடு முதன்மை செல்லை யோசியுங்கள். 3.6 வோல்ட், 85 டிகிரி வரை, தானாக இழப்பது வருடத்துக்கு ஒரு சதவீத அளவு. நெடுநாள் சும்மா இருந்தால் உள்ளே படலம் படிந்து, திடீரென 100 மில்லிஆம்பியர் கேட்டால் வோல்டேஜ் விழும். பக்கத்தில் ஒரு பெரிய கெப்பாசிட்டர் வைத்துத் துடிப்பை அதிலிருந்து எடுக்க வேண்டும். *ஒருபோதும் சார்ஜ் செய்யக்கூடாது*. சார்ஜர் இருக்கும் பலகையில் அளவு ஒத்துப்போகிறது என்று மாட்டிவிடாதீர்கள்.

#18 · வேலிக்கால்

செல் வாங்குவது பற்றியும் யாராவது எழுதுங்கள். 9900 எம்ஏஎச் என்று அச்சிட்ட 18650 சந்தையில் குவிந்து கிடக்கிறது.

#19 · பஸ்பார்

9900 என்று அச்சிட்டிருந்தாலே போலி. 18650 அளவில் வழக்கமாகக் கிடைக்கும் நல்ல செல் 2500 முதல் 3500 வரை. எடை போடுங்கள்: அசல் 45 கிராமை ஒட்டி, சற்று மேலே இருக்கும். 30, 35 கிராம் என்றால் உள்ளே சின்னச் செல்லோ நிரப்பலோதான். கூட்டில் ஐஎஸ் 16046 எண்ணும் பிஐஎஸ் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள், இந்தியாவில் லித்தியம் செல்களுக்கு அது கட்டாயம்.

வந்ததும் முழுச் சார்ஜ் செய்து இரண்டு வாரம் சும்மா வைத்து வோல்டேஜைப் பாருங்கள். 4.2இல் வைத்தது 4.1க்குக் கீழே போயிருந்தால் உள்ளே கசிவு இருக்கிறது, வெயிலுக்கு அனுப்பாதீர்கள். 2 வோல்ட்டுக்குக் கீழே கிடந்து வந்த செல்லை "உயிர்ப்பிக்க" முயல வேண்டாம். கழித்த செல்லின் இரு முனையிலும் டேப் ஒட்டி மின்கழிவு சேகரிப்பில் கொடுங்கள், குப்பையில் அல்ல.

செல் வென்ட் ஆகிப் புகைந்தால் விலகி நில்லுங்கள், புகையில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இருக்கும். லித்தியம் என்றதும் தண்ணீர் ஊற்றக்கூடாது என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அது லித்தியம் உலோகத்துக்கு. லித்தியம் அயான் செல்லுக்குத் தேவை குளிர்ச்சி, தூரத்தில் இருந்து நிறைய தண்ணீர் ஊற்றுவது சரியான வழி.

#20 · சொட்டுநீர்32

நோடில் நேரத்துக்காக டிஎஸ்3231 மாட்யூலும் இருக்கிறது, அதில் சிஆர்2032 காசு செல். அது 61 டிகிரியில் பரவாயில்லையா?

#21 · 10கே_மின்தடை

அந்த மாட்யூலை உடனே கழற்றிப் பாருங்கள். பரவலாக விற்கும் வகையில் பேட்டரிக்கு 200 ஓம் ரெசிஸ்டரும் டயோடும் வழியாகச் சார்ஜ் போகும் சுற்று இருக்கிறது. அது எல்ஐஆர்2032 என்ற சார்ஜ் ஏற்றும் காசு செல்லுக்கு. சிஆர்2032 சார்ஜ் ஏற்றக்கூடாத முதன்மை செல். 5 வோல்ட்டில் மாட்யூலை ஓட்டினால் அதற்குள் கரண்ட் தள்ளப்படும், கசியும், வெடிக்கவும் செய்யும். டயோடில் கழிந்தது போக 4.4 வோல்ட் வருவதால் எல்ஐஆர்2032க்கும் அது அதிகம்தான்.

டயோடுக்குப் பக்கத்தில் 201 என்று அச்சிட்ட ரெசிஸ்டரை அயர்னால் எடுத்துவிடுங்கள், மாட்யூலை 3.3 வோல்ட்டில் ஓட்டுங்கள். பவர் எல்இடியின் ரெசிஸ்டரையும் அப்போதே எடுத்துவிடலாம், அதுவும் செல்லைத் தின்னும். பிறகு சிஆர்2032க்குப் பதில் பிஆர்2032 போடுங்கள். சிஆர் வகை பெரும்பாலும் 60, 70 டிகிரி வரைதான், பிஆர் வகை 80ஐ ஒட்டித் தாங்கும். வோல்டேஜ் அதே 3, அளவும் அதே, ஹோல்டரில் அப்படியே உட்காரும். செல் ஹோல்டரில் இருக்கும்போது சால்டரிங் அயர்னைப் பலகையில் வைக்காதீர்கள், முதலில் செல்லை எடுத்துவிட்டுத்தான் வேலை.